பந்து பட்ட கை

என் மனைவி தமிழ்வாணி உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு சமையலறைக்கும் வாசலுக்கும் நடப்பாள். மென்றுகொண்டே போய் கேட் தாழ்ப்பாள் போட்டிருக்கிறதா என்று பார்ப்பாள். போட்டிருந்தால் ஒருமுறை திறந்து மறுபடி போடுவாள். கல்யாணமான புதிதில் எனக்கு எரிச்சலாக வரும். "உக்காந்து சாப்புடு வாணி, சோறு எங்கிட்டும் ஓடிறாது" என்பேன். "சோறு ஓடாது மாமா, எனக்குத்தான் காலு நிக்க மாட்டேங்குது" என்பாள். ஆறு வருடமாக அந்தக் கால் நிற்கவில்லை. கொஞ்ச நாளாகக் கையும் அதோடு சேர்ந்துகொண்டது. அந்தக் கையைப் பற்றி யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கும் இருப்புக் கொள்ளாது போலிருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

அவள் ஐந்தடி பத்தங்குலம். நான் ஐந்தடி ஐந்து. எங்கள் கல்யாண ஃபிளெக்ஸை நானே டிசைன் செய்தேன், அதில் என்னை ஆறு அங்குலம் வளர்த்துவிட்டேன். மண்டபத்துக்கு வந்தவர்கள் ஃபிளெக்ஸையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார்கள். கோச்சடையில் எனக்கு ஃபிளெக்ஸ் அச்சடிக்கும் கடை. மதுரையில் காது குத்தினால் ஃபிளெக்ஸ், டிராக்டர் வாங்கினால் ஃபிளெக்ஸ், வெளிநாடு போனவன் ஊர் திரும்பினால் ஃபிளெக்ஸ். படத்தில் இருக்கிற ஆளைச் சுற்றிலும் வெட்டியெடுத்து, பின்னால் வானத்தையும் சிங்கத்தையும் ஒட்டுவது என் பிழைப்பு. அப்படி வெட்டும்போது முகத்தைவிடக் கையைத்தான் அதிகம் பார்க்க வேண்டியிருக்கும், ஏனென்றால் விரல்களுக்கு நடுவேதான் வெட்டு பிசகும். பத்து வருடமாக ஊர்க்காரர்களின் கைகளைப் பார்த்துவருகிறேன். கட்டிய பெண்டாட்டியின் கையைச் சரியாகப் பார்க்கத் தவறினேன்.

வாணி பீச் வாலிபால் ஆடுகிறாள். மதுரையிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடலுக்கு நூறு கிலோமீட்டருக்குக் குறையாது. "தண்ணி வராத வைகைக்குப் பக்கத்துல பீச்சா மாப்ள?" என்று சிவனாண்டி கேட்பான். சிவனாண்டி என் கடையில் ஃபிளெக்ஸுக்கு மரச்சட்டம் அடித்து ஏணி ஏறிக் கட்டுகிறவன். ஏணியைவிட அவன் வாய் நீளம்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பக்கத்துக்கு இரண்டே பேர். மாற்று ஆள் கிடையாது. வாணி உயரம் என்பதால் வலையோரம் எம்பி, எதிராளி அடிக்கிற பந்தைக் கையால் மறிப்பாள். அவளுடைய ஜோடி ரோகிணி பின்னால் நின்று, விழுகிற பந்தையெல்லாம் பாய்ந்து எடுப்பாள். எதிராளி அடித்த பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தால் நமக்கு பாயிண்ட். அதே பந்து போகிற வழியில் வாணியின் விரல் நுனியில் உரசியிருந்தால் எதிராளிக்கு பாயிண்ட். அந்த உரசலை 'டச்' என்பார்கள். பல நேரம் ரெஃப்ரியின் கண்ணுக்கு அது தெரியாது, உரசியவளுக்கு மட்டும் தெரியும்.

இனி அவள் ஊர்ப் பொட்டலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டி, ஊருக்கும் கண்மாய்க்கும் நடுவில் இருக்கிறது. இரண்டு தெரு ஆட்களும் அங்கேதான் வாலிபால் ஆடுவார்கள். ஒரு தெரு, நிலம் வைத்திருந்த குடும்பங்கள். இன்னொரு தெரு, அந்த நிலத்தில் கூலிக்கு இறங்கிய குடும்பங்கள். வாணியின் அப்பா வீரணன் இரண்டாவது தெரு. இன்று அந்தத் தெருவில் நர்ஸ் இருக்கிறார், வங்கியில் வேலை பார்ப்பவர் இருக்கிறார், வீரணனுக்கே ஒன்றரை ஏக்கர் நஞ்சை இருக்கிறது. ஆனால் வலைக்கு இந்தப் பக்கம் ஒரு தெருவும் அந்தப் பக்கம் ஒரு தெருவும் நின்றால், பந்து பட்டதா இல்லையா என்பது வெறும் பந்தைப் பற்றிய கேள்வியாக இருக்காது. ரெஃப்ரி வைத்துப் பார்த்தார்கள். ரெஃப்ரி எந்தத் தெரு என்று சண்டை வந்தது. வெளியூரிலிருந்து ஒருவரைக் கூட்டி வந்தார்கள், அவர் இரண்டாவது செட்டில் விசிலைக் கழற்றி வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டார். ஒரு வருடம் மண்டை உடைந்து, போலீஸ் வேன் ஒரு மாதம் பொட்டலில் நின்றது. அதற்குப் பிறகு இரண்டு பக்கத்து ஆட்டக்காரர்களும் கூடிப் பேசி ஒரே ஒரு சட்டம் போட்டார்கள். ரெஃப்ரியே வேண்டாம். பந்து யார் கையில் பட்டதோ, யாரும் கேட்பதற்கு முன்னால் அவரே கையைத் தூக்கிவிட வேண்டும். மறைத்தது தெரிந்தால் அடுத்த பொங்கல்வரை பொட்டலில் கால் வைக்கக் கூடாது.

அந்தச் சட்டம் போட்டபோது வாணிக்குப் பத்து வயது. அதோடுதான் ஆடக் கற்றுக்கொண்டாள். பதினைந்து வயதில், பொங்கல் ஆட்டத்தின் கடைசி பாயிண்டில், தன் தெரு ஜெயிக்க வேண்டிய நேரத்தில் கையைத் தூக்கினாள். அவள் தெருவே அவளைத் திட்டியது. எதிர்ப்பக்கம் நின்ற விருமாண்டி மட்டும், "அந்தப் புள்ள கை தூக்கலைன்னா படலைன்னு அர்த்தம். இனிமே பேச்சே கெடையாது" என்றார். விருமாண்டி நிலம் வைத்திருந்த தெருவில் சொல்வாக்கு உள்ள ஆட்டக்காரர். அதிலிருந்து ஆண்கள் ஆட்டத்தில் தகராறு வந்தால்கூட, ஓரத்தில் நிற்கிற இவளைக் காட்டி "வாணியக் கேளு" என்பார்கள். அவள் சொல்வதுதான் தீர்ப்பு. யாருடைய வரப்பில் அவள் அப்பா களை பறித்தாரோ, அந்த வீட்டு ஆம்பளைகள் அவள் வாயைப் பார்த்து நின்றார்கள். இதை அவள் என்னிடம் பெருமையாகச் சொன்னதில்லை. வீரணன்தான் சொன்னார், சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது.

பிறகு அதே விருமாண்டியின் மகள் ரோகிணி வளர்ந்து, வாணிக்கு ஜோடியானாள். பொட்டலின் ஒரு மூலையைத் தோண்டினார்கள். விருமாண்டி வீடு கட்டி மிச்சம் கிடந்த ஆற்று மணலைக் கொட்டினார்கள். அதுதான் மதுரையின் பீச். ஊர்ப் பூனைகள் அனைத்துக்கும் அந்த மணல் மிகவும் பிடித்துப்போனது. தினமும் காலையில் வாணியும் ரோகிணியும் முறம் எடுத்து பூனை போட்டதை அள்ளி எறிந்துவிட்டுத்தான் வலை கட்டுவார்கள். அப்படி ஆடியே மாநில அளவில் ஜெயித்து, தேசிய அளவில் மூன்றாவதாக வந்து, போன வருடம் தாய்லாந்தில் ஒரு சர்வதேசப் போட்டிக்குப் போனார்கள்.

அந்தப் போட்டியில் எங்களுக்கு வேண்டியது கோப்பை இல்லை. வாணி பசுமலையில் ஒரு தனியார் பள்ளியில் தற்காலிக விளையாட்டு ஆசிரியை. வருடா வருடம் ஏப்ரலில் போகச் சொல்லி, ஜூனில் வரச் சொல்வார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் நிரந்தர அரசு வேலைக்கு மனுப் போட்டிருந்தாள். சர்வதேசப் போட்டியில் தகுதிச் சுற்றைத் தாண்டி, முதன்மைச் சுற்றில் ஆடியதற்குச் சான்றிதழ் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்றார்கள். வயது வரம்புக்கு இரண்டு வருடம்தான் பாக்கி. அதாவது இரண்டே போட்டி. தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தை ஜெயித்தால் போதும், முதன்மைச் சுற்றில் தோற்றாலும் சான்றிதழ் உண்டு.

அந்தக் கடைசி ஆட்டத்தை எங்கள் கடைக் கம்ப்யூட்டரில் நேரலையாகப் பார்த்தோம். வீரணன், விருமாண்டி, சிவனாண்டி, டீக்கடைக்காரர், ஃபிளெக்ஸ் வாங்க வந்தவர்கள் என்று கடை கொள்ளாத கூட்டம். ஆளுக்கு ஒரு செட். மூன்றாவது செட்டில் பதினைந்து எடுத்தால் ஆட்டம் முடிந்தது. நாங்கள் பதினான்கு, அவர்கள் பதிமூன்று. எதிராளி ஓங்கி அடித்தாள். வாணி எம்பினாள். பந்து அவளுக்கு மேலே பறந்து கோட்டுக்கு வெளியே விழுந்தது. ரெஃப்ரி எங்கள் பக்கம் கை காட்டினார். கடையே குதித்தது. சிவனாண்டி என்னைத் தூக்கிவிட்டான். கீழே இறங்கித் திரையைப் பார்க்கிறேன், வாணி வலது கையை நேராகத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். வகுப்பில் ஆஜர் சொல்கிற பிள்ளையைப் போல.

முதலில் ஜெயித்ததற்குத் தூக்குகிறாள் என்றுதான் நினைத்தேன். கடையில் முதலில் அமைதியானவர் விருமாண்டி. "தொட்டுருச்சுடா" என்றார். ரெஃப்ரி குனிந்து அவளிடம் ஏதோ கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். பாயிண்ட் மாறியது. பதினான்குக்குப் பதினான்கு. அடுத்த இரண்டு பாயிண்டும் அவர்களுக்கே போனது. எதிராளிப் பெண் வலைக்கு அடியில் புகுந்து வந்து வாணியைக் கட்டிப்பிடித்தாள், கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. போட்டி நடத்தியவர்கள் அந்தத் தூக்கிய கையை இணையத்தில் பெரிய படமாகப் போட்டார்கள், உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் அதற்கு இதயம் போட்டார்கள். சான்றிதழ் மட்டும் யாரும் போடவில்லை.

நான் போன் செய்தேன். அவள் குரல் வருவதற்கு முன்னாலேயே கத்தினேன். "எதுக்குடி தூக்குன? அந்த ரெஃப்ரியே ஒன்னும் சொல்லல, உனக்கு என்ன வந்துச்சு?"

"நான் தூக்கல மாமா" என்றாள். "கை தூக்கிருச்சு."

நான் போனை வைத்துவிட்டேன். இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு இல்லை, அன்றைக்குக் கோபம் மட்டும்தான் இருந்தது.

அவள் ஊர் திரும்பியதும் விருமாண்டி எங்கள் வீட்டுக்கு வந்தார். காபியைக் கையில் வாங்கி, குடிக்காமல் வைத்துக்கொண்டே பேசினார். "நீ பண்ணுனது நல்ல காரியந்தான் தாயி. நம்ம பொட்டல் சட்டம், நானும் சேந்து போட்டதுதான். ஆனா அங்க என் மகளும் நின்னாள்ல. அவளுக்கும் சேத்துல்ல தூக்கிட்ட." வாணி நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போன பிறகு கேட்டைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தாள். தாழ்ப்பாள் சத்தம் தாங்காமல், "போதும் வாணி" என்று அதட்டினேன்.

அந்த ஒரு வருடம் வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. அவள் விடியலில் எழுந்து பொட்டலுக்குப் போவாள், பள்ளிக்குப் போவாள், சாயங்காலம் மறுபடி பொட்டல். துணி காயப் போடும்போது கொடிக்கு முன்னால் எம்பிப் பார்ப்பாள். நான் உதவுகிறேன் பேர்வழி என்று அறிவுரை சொல்லிக்கொண்டே இருந்தேன். பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் எத்தனை டச்சை மறைக்கிறார்கள் என்று வீடியோ தேடிக் காட்டினேன். "பாரு, ஒருத்தி தூக்குறாளா? கண்டுபுடிக்கிறது ரெஃப்ரி வேல. சம்பளம் அந்தாளுக்குத்தான?" என்பேன். அவள் நான் காட்டுகிற கையைப் பார்க்க மாட்டாள். அதில் ஆடுகிறவர்களின் காலைப் பார்ப்பாள்.

இந்த வருடம் போட்டி வியட்நாமில். காலை வைகை எக்ஸ்பிரஸில் சென்னை போய் அங்கிருந்து விமானம். மதுரை ஸ்டேஷனில் பெட்டியை ஏற்றிவிட்டு ஜன்னலோரம் நின்றேன். ரோகிணி உள்ளே இடம் பார்த்துக்கொண்டிருந்தாள். வாணி வாசலில் கம்பியைப் பிடித்து நின்றாள், அவள் எங்கே உட்காரப்போகிறாள். வண்டி கிளம்ப ஒரு நிமிடம் இருக்கும்போது சொன்னேன். "ஒன்னே ஒன்னு கேக்குறேன் வாணி. கைய மட்டும் தூக்காத. எனக்காக."

"சரி மாமா, போயிட்டு வாரேன்" என்றாள். நான் கேட்டதற்குத்தான் அந்தச் சரியா, விடைபெறுவதற்கா என்று அப்போது தெரியவில்லை.

மறுபடி அதே கடை, அதே கூட்டம், அதே தகுதிச் சுற்றுக் கடைசி ஆட்டம். மூன்றாவது செட். எனக்கு உள்ளங்கை வேர்த்து மவுஸ் வழுக்கியது. பதினான்குக்குப் பன்னிரண்டு என்று நாங்கள் முன்னால் இருந்தோம். எதிராளி அடித்தாள். வாணி எம்பினாள், பந்து ஒரு முழம் தள்ளி வெளியே விழுந்தது. ரெஃப்ரி எங்கள் பக்கம் கை காட்டினார். இந்தத் தடவை யாரும் குதிக்கவில்லை. எல்லோரும் திரையில் அவளுடைய வலது கையைத் தேடினோம். அது மேலே வரவில்லை. ரோகிணி ஓடி வந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். இரண்டு எதிராளிகளும் வலைக்கு வந்து கை கொடுத்தார்கள். அப்புறம்தான் கடையில் விசில் பறந்தது. "படவே இல்லடா, சுத்தமா வெளிய போச்சு" என்று விருமாண்டி என் முதுகில் குத்தினார். வீரணன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "களச்சுப்போயிருக்கா புள்ள" என்றார்.

போனில் வாணி, "ஜெயிச்சுட்டோம் மாமா" என்றாள். பக்கத்து வீட்டுச் செய்தியைச் சொல்வதுபோல் இருந்தது. எனக்கிருந்த சந்தோஷத்தில் அதை நான் கவனிக்கவில்லை. முதன்மைச் சுற்றில் இரண்டு ஆட்டமும் தோற்றார்கள். அதனால் என்ன, சான்றிதழ் வந்துவிட்டது. ஊர் திரும்பிய மூன்றாம் நாள் மனுவோடு அதைச் சேர்த்துக் கொடுத்தோம். வாங்கிப் பார்த்தவர் சிரித்துக்கொண்டே, "சீக்கிரம் ஆர்டர் வந்துரும்மா" என்றார். அவள் வெளியே வந்து ஸ்கூட்டியைக் கிளப்பாமல் ஹெல்மெட்டின் வாரை மாட்டிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் கழித்து ரோகிணி கடைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணே, அக்காகிட்டக் கொஞ்சம் பேசுங்கண்ணே. பிராக்டிஸ்ல என்னமோ மாதிரி பண்ணுறாக."

"என்ன மாதிரி?"

"பந்து எங்கிட்டோ போகுது, கையத் தூக்கிர்றாக. படவே இல்லக்கான்னா, பட்டுச்சுங்குறாக. நேத்து மட்டும் ஆறு தடவ."

களைப்பாக இருக்கும், வெளிநாடு போய் வந்த அலைச்சல் என்று சொல்லி அனுப்பினேன். எனக்கு அப்போது தலைக்கு மேல் வேலை. இரண்டு பெண்களுக்கும் ஊர் எல்லையில் ஒரு பெரிய ஃபிளெக்ஸ் வைக்க வேண்டும் என்று விருமாண்டி சொல்லியிருந்தார். இருபதுக்குப் பத்து. இரண்டு தெருவின் பெயரும் சேர்ந்து வருகிற முதல் ஃபிளெக்ஸ். எனக்கும் அது மானப் பிரச்சினை.

போட்டி நடத்தியவர்கள் போட்டிருந்த படங்களில் அந்தக் கடைசி பாயிண்ட் படம் இருந்தது. ரோகிணி இரண்டு கையையும் வானத்துக்கு வீசிக்கொண்டு ஓடி வருகிறாள். வாணி வலையோரம் நிற்கிறாள். பெரிதாக்கி, ஓரத்தைச் சுற்றி வெட்டிக்கொண்டே வந்தேன். தலை, தோள், முழங்கை. கைக்கு வந்ததும் மவுஸ் நின்றுவிட்டது. வலது கை தொடைப் பக்கம் கால்சட்டைத் துணியைக் கொத்தாகப் பிடித்திருந்தது. விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. துணி முறுக்கிக்கொண்டு மேலே ஏறியிருந்தது.

அந்த இடத்தில் ஒரு மனிதனாக நான் யோசித்திருக்க வேண்டும். டிசைனராக யோசித்தேன். ஜெயித்த ஃபிளெக்ஸில் கை இப்படி இருந்தால் நன்றாக இருக்காது. ஜெயித்தவள் கை மேலே இருக்க வேண்டும். அவள் கை தூக்கிய படம் ஒன்று என்னிடம் இருந்ததே, போன வருடத்துப் படம். அதே வெயில், அதே மணல் ஒட்டிய முழங்கை. அதை வெட்டி எடுத்து இந்தத் தோளில் பொருத்தினேன். நிழலைச் சரிசெய்தேன். பத்து வருடத்தில் அவ்வளவு சுத்தமாக நான் எதையும் ஒட்டியதில்லை. மேலே 'மண்ணின் மகள்கள்' என்று எழுதி, கீழே இரண்டு தெருவின் பெயரையும் ஒரே அளவில் போட்டேன். சிவனாண்டி மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் ஊர் எல்லையில் கட்டிவிட்டு, "மாப்ள, போறவன் வாரவன் எல்லாம் நின்னு செல்ஃபி எடுக்குறான்" என்று போன் செய்தான்.

பத்து மணிக்கு வாணி கடைக்கு வந்தாள். பள்ளியில் இருக்க வேண்டிய நேரம். ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றாள்.

"அந்தக் கை எங்கேர்ந்து எடுத்தீங்க?"

"எந்தக் கை?"

"ஃபிளெக்ஸ்ல இருக்க என் கை."

"போன வருசப் படத்துல இருந்து. நல்லா உக்காந்துருக்குல்ல?"

அவள் ஹெல்மெட் கண்ணாடியை மேலே தள்ளினாள். "அது டச்சுக்குத் தூக்குன கை மாமா."

"தெரியும். யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்ல" என்றாள். பிறகு கல்லா மேஜையைப் பிடித்துக்கொண்டு, மிகச் சாதாரணமாகச் சொன்னாள். "இந்தத் தடவையும் பட்டுச்சு."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்ததும் திரையில் இன்னும் திறந்திருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தேன். துணியைக் கொத்தாகப் பிடித்த அந்தக் கை.

"சுண்டு விரல்ல பட்டுச்சு. நல்லாவே பட்டுச்சு, நகத்துல வலிச்சுச்சு. கை மேல போகப் பாத்துச்சு மாமா. நான் டவுசரப் புடிச்சுக்கிட்டேன். புடிக்கலைன்னா போயிருக்கும்." மூச்சு வாங்கினாள். "நீங்க கேட்டீங்கல்ல. ரோகிணி வேற இருந்தா. அவுங்கப்பா வேற சொல்லிருந்தாரு. எல்லாரும் சேந்து புடிச்ச மாதிரி இருந்துச்சு."

"ரோகிணிக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவ படலைன்னு நெனச்சுக்கிட்டிருக்கா. என் கை தூக்கலைல்ல."

அவள் கை தூக்கவில்லை என்றால் படவில்லை என்று அர்த்தம். அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் அந்தப் பொட்டலில் இத்தனை வருடம் மண்டை உடையாமல் இருக்கிறது. அதைத்தான் ரயில் வாசலில் நின்றவளிடம் நான் கேட்டு வாங்கியிருக்கிறேன். எனக்காக என்று வேறு சொன்னேன்.

"அத எறக்கிருங்க" என்றாள். கண்ணாடியைக் கீழே இழுத்துவிட்டுப் போய்விட்டாள்.

சிவனாண்டியை அனுப்பி மதியத்துக்குள் இறக்கினேன். ஏன் என்று கேட்டான், பிரிண்டில் கலர் மாறிப்போச்சு என்றேன். விருமாண்டி போன் செய்தார், அவரிடமும் அதையே சொன்னேன். பொய் சொல்வது அன்றைக்கு எனக்கு மிகச் சுலபமாக வந்தது.

சாயங்காலம் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டுப் பொட்டலுக்குப் போனேன். ஆடி மாதக் காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. பெரிய கிரவுண்டில் ஆண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் வண்டியை நிறுத்தும்போதே அங்கே சத்தம். ஒரு பந்து பட்டது என்கிறான் ஒருவன், படவில்லை என்கிறான் இன்னொருவன். நெஞ்சோடு நெஞ்சு முட்டிக்கொண்டு நின்றார்கள். யாரோ வழக்கம்போல, "ஏய், விடுங்கப்பா. வாணி அங்கிட்டுத்தான நின்னுச்சு, வாணியக் கேளு" என்றார்கள். சத்தம் உடனே அடங்கியது. இரண்டு தெருவும் அவள் பக்கம் திரும்பியது.

வாணி மணலில் கோடு போடும் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல், "என்னய இனிமே கேக்காதீங்க" என்றாள்.

அவள் பார்க்கவில்லை போலிருக்கிறது என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் முணுமுணுத்துவிட்டு அந்தப் பாயிண்டை மறுபடி ஆடினார்கள். எனக்குத்தான் புரிந்தது. வேலைக்கான ஆர்டர் எந்த நாளும் வரலாம். வந்தால் அவள் சேருவாளா என்று தெரியாது. சேர வேண்டும் என்றுதான் நான் இன்னமும் ஆசைப்படுகிறேன். அப்படி ஆசைப்படுவது எனக்கே அசிங்கமாக இருக்கிறது, ஆனாலும் ஆசைப்படுகிறேன்.

மணல் கோர்ட்டில் வாணியும் ரோகிணியும் ஒரு பக்கம், கல்லூரி மாணவிகள் இருவர் எதிர்ப்பக்கம் நின்றார்கள். பழக்க ஆட்டம்தான். ஸ்கோர் அட்டையைத் திருப்ப ஆள் இல்லாததால் நான் போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன். வாணி என்னைப் பார்த்தாள். நன்றாகத்தான் ஆடினார்கள். ரோகிணி கெண்டை மீன் மாதிரி துள்ளித் துள்ளி எடுத்தாள். இருபது இருபது என்று வந்தபோது எதிர்ப்பக்கத்துப் பெண் அடித்த பந்து, காற்றில் ஏறி, வாணியின் விரலுக்கு மேலே இரண்டடி உயரத்தில் பறந்து, கண்மாய்க் கரைப் பக்கம் போய் விழுந்தது. என் கண்ணுக்கு நேரே நடந்தது. படவில்லை.

வாணி தரையில் இறங்கினாள். வலது கையை நேராகத் தூக்கினாள்.

"அக்கா, படலக்கா" என்றாள் ரோகிணி. அவள் குரலில் அழுகை இருந்தது. அடித்த பெண்ணே, "இல்லக்கா, அது சும்மா வெளிய போயிருச்சு" என்றாள்.

"பட்டுச்சு" என்றாள் வாணி. கையை இறக்கவில்லை. காற்று அவள் சட்டையைப் படபடக்க வைத்தது. அவள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ரோகிணியும் என்னைப் பார்த்தாள், நான் உண்மையைச் சொல்லி அக்காவுக்குப் புரியவைப்பேன் என்று நினைத்திருப்பாள்.

நான் ஸ்கோர் அட்டையில் கை வைத்தேன். எதிர்ப்பக்கத்துக்கு ஒரு பாயிண்ட் திருப்பினேன்.